வண்டலின் சமையல்காரி

ஆர்ட்டிசோக் காய் தின்ற வாயோடு ஒயின் குடித்தால் ஒயின் இனிக்கும். தண்ணீர் குடித்தாலும் இனிக்கும். அது உண்மைதான் மேடம், நான் மறுக்கவில்லை. கயெத்தான் என் சமையலறையிலிருந்து முதலில் எடுத்தது அதைத்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால், 'வண்டல்' ஒயின் பார் திறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கையில் கிளாசோடு கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

"சொலாஞ்ச், கோவிச்சுக்காத. இந்த ஆர்ட்டிசோக் மட்டும் வேணாமே. ஒயினை ஒரே அடியா சாய்ச்சுடுது."

சரி என்றேன். சந்தையில் வேறு காயா கிடைக்காது.

அவன் இவன் என்று சொல்வதைத் தவறாக நினைக்காதீர்கள். பார் அவனுடையது. ஆனால் என்னைவிட ஏழு வயது சின்னவன், ஆரம்பத்திலிருந்தே எங்களுக்குள் வா போ தான். அதற்கு முன்னால் நான் ஒரு விடுதிப் பள்ளியில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு விழாவுக்கு வந்தவன், நான் வினிகரில் ஊறவைத்த கானாங்கெளுத்தி மீனை ஒரு தட்டு முழுக்கத் தின்றுவிட்டு நேராகச் சமையலறைக்குள் நுழைந்தான். "என்னோட வந்துடு. ஆன்ஜே டவுன்ல ஆத்துக்கு அந்தப் பக்கம் சின்னதா ஒரு இடம் பாத்துருக்கேன். பாதி ஒயின், பாதி உன் சமையல்" என்றான். பாதி என்ற சொல்லை நம்பித்தான் வேலையை விட்டேன்.

ஆர்ட்டிசோக்குக்குப் பிறகு அஸ்பாரகஸ் தண்டு போனது. அது ஒயினில் இரும்பு வாசனையைக் கிளப்புகிறதாம். அடுத்து அரைவேக்காட்டு முட்டை, மஞ்சள்கரு நாக்கில் பூசிக்கொள்கிறதாம். புகையில் வாட்டிய மீன் போனது. பச்சைப் பூண்டு போனது. ஒவ்வொரு தடவையும் அதே கதவு நிலை, அதே கிளாஸ், அதே கோவிச்சுக்காத. காரணம் சொல்லாமல் எதையும் எடுக்கவில்லை, சொன்ன காரணம் ஒன்றுகூடத் தப்பாகவும் இல்லை. என் எரிச்சலே அங்கேதான் இருக்கிறது. தப்பாகப் பேசுகிறவனோடு சண்டை போடலாம். எப்போதும் சரியாக, அதுவும் சிரித்த முகத்தோடு பேசுகிறவனை என்ன செய்வது.

எங்கள் ஒயினில் கந்தகம் போடுவதில்லை, வடிகட்டுவதில்லை, ஒன்றையும் சேர்ப்பதில்லை. ஆகவே அது உயிருள்ள பொருள் என்பான். உயிருள்ள பொருள் என்பதால் ஒரு நாள் ஆப்பிள் மணக்கும், ஒரு நாள் குதிரை லாயம் மணக்கும். சில நாள் குடித்து அரை நிமிடம் கழித்துத் தொண்டைக்குள் எலிக்கூண்டு நாறும். யாராவது முகத்தைச் சுளித்தால், "இன்னைக்கு அதுக்கு மனசு சரியில்ல, கொஞ்ச நேரம் விடுங்க, தெளிஞ்சுடும்" என்பான். அவர்களும் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி கிளாசையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். என் லீக் தண்டு ஒரு நிமிடம் கூடுதலாக வெந்துபோன அன்றைக்கு, அதற்கு மனசு சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. தட்டு திரும்பி வந்தது.

தட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு நேரம் இருக்கிறது அல்லவா. எங்களிடம் எல்லாம் சின்னத் தட்டுகள். நடுவில் வைத்து ஐந்தாறு பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆளுக்கொரு துண்டு எடுப்பார்கள், கடைசியாக ஒரு துண்டு மிஞ்சும். "நீ எடுத்துக்கோ." "சீ, நான் ஏற்கெனவே ரெண்டு எடுத்துட்டேன், நீ எடு." சமையலறைச் சன்னல் வழியாகத் தினமும் இதைக் கேட்பேன். பிறகு அடுத்த பாட்டில் வரும், பேச்சு அதைப் பற்றித் திரும்பும், அந்தத் துண்டு ஓரம் காய்ந்து என்னிடமே வந்து சேரும். மரியாதை என்கிறார்கள். பதினோரு வருடமாக என் சமையலின் கடைசித் துண்டைக் குப்பைக் கூடைதான் தின்றது. ஒரு துளி ஒயினைக் கிளாசில் விட்டுவிட்டு எழுந்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

ஆன்செல்ம் ஐயா ஒருவர் விதிவிலக்கு. உங்கள் கோப்பில் அவர் பெயரும் இருக்கிறது. கற்பலகைச் சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு செவ்வாயும் வெள்ளியும் பகல் சாப்பாட்டுக்குத் தனியாக வருவார். யாரோடும் பகிர மாட்டார். தட்டை ரொட்டித் துண்டால் துடைத்து, கழுவின மாதிரி திருப்பிக் கொடுப்பார். "ஏம்மா, தட்டைக் கழுவ ஆள் வேணும்னா சொல்லு, வாரத்துல ரெண்டு நாள் நான் வந்துக்கிட்டுதான் இருக்கேன்" என்பது அவருடைய தேய்ந்த நகைச்சுவை. நானும் தவறாமல் சிரிப்பேன்.

வினிகருக்கு வருகிறேன். பாட்டிலின் அடியில் மிஞ்சுவது, கயெத்தானே வேண்டாம் என்று ஒதுக்கிய பீப்பாய், எல்லாவற்றையும் ஒரு மண் ஜாடியில் ஊற்றிக்கொண்டே வந்தேன். மேலே ஆடை கட்டியது. அதை வினிகரின் தாய் என்போம். ஐந்தாறு வருடத்தில் அது உள்ளங்கை கனத்துக்கு, கன்றின் ஈரல் மாதிரி வழவழவென்று வளர்ந்தது. வாரம் ஒரு முறை ஊட்டுவேன். விடுமுறையில் போனால் பக்கத்துக் கடை ரொட்டிக்காரியிடம் சொல்லிவிட்டுப் போவேன். கானாங்கெளுத்தி, வெங்காயம், பீட்ரூட், பேரிக்காய் எல்லாம் அதில்தான் ஊறின. அந்த ஜாடிக்காக மட்டும் சிலர் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒயின் பாரில் வினிகர் கூடாது என்று கயெத்தானும் சொல்லிப் பார்த்தான். நான் முதல் தடவையாக, "அதுல கை வைக்காத" என்றேன். விட்டுவிட்டான். அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று வருடமாக அவன் சொந்தமாக ஒயின் செய்கிறான். நண்பனின் தோட்டத்துத் திராட்சையை வாங்கி வந்து, பாருக்குக் கீழே இருக்கும் நிலவறையில் மூன்று தொட்டிகளில் நொதிக்க விடுவான். நொதிக்கும் சாறு விடுகிற வாயுவுக்கு மணம் கிடையாது. காற்றைவிடக் கனம், தரையில் தேங்கி மெல்ல மேலே ஏறும், மூச்சடைத்து ஆளைக் கொன்றுவிடும். ஆகவே எங்கள் பக்கத்தில் நிலவறை வைத்திருக்கிற எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம். காலையில் முதலில் வருகிறவர் மெழுகுவர்த்தியைக் கம்பியில் கட்டி, முழங்காலுக்குக் கீழே பிடித்தபடி படி படியாக இறங்க வேண்டும். எரிந்தால் சரி. அணைந்தால் அப்படியே திரும்பி வந்து, கதவைத் திறந்து போட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, இரண்டு மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. பார்த்தவர் கதவில் சாக்கட்டியால் நேரத்தை எழுதி 'எரிந்தது' என்றோ 'அணைந்தது' என்றோ குறிப்பார். காலையில் முதலில் வருகிறவள் நான். மூன்று அறுவடையாக என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவன் கீழே இறங்கினான். சமையலில் அவன் என் வார்த்தையை எடுத்துக்கொண்டதில்லை, இதில் எடுத்துக்கொண்டான்.

செப்டம்பரில் பத்து நாள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஜாடி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. தாயை என்ன செய்தான் என்று கேட்டேன். முற்றத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டானாம்.

"ஈ, சொலாஞ்ச். ஒரே ஒரு ஈ உன் ஜாடில உக்காந்துட்டு என் தொட்டில உக்காந்தா போதும், மூணு தொட்டியும் வினிகராப் போயிடும். நீயே யோசிச்சுப் பாரு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டியே."

அதுவும் சரிதான். ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அன்று நான் எதையும் உடைக்கவில்லை, கத்தவில்லை. கடையில் ஒரு பாட்டில் வினிகர் வாங்கி வந்து மத்தியானச் சமையலை முடித்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஆன்செல்ம் ஐயா மட்டும் ஒரு வாய் தின்றுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தார். "இது உன் வினிகர் இல்லையேம்மா" என்றார். நான் உள்ளே போய்க் குளிர்பெட்டிக் கதவைத் திறந்து, அதன் பின்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

திராட்சை வந்தது, சாறு நொதிக்கத் தொடங்கியது. அக்டோபர் முதல் வெள்ளி, மதியச் சாப்பாடு முடிந்த பிறகு கயெத்தான் மறுபடி கதவு நிலைக்கு வந்தான். இந்தத் தடவை கையில் கிளாஸ் இல்லை, அளவு நாடா இருந்தது. என் அடுப்பை அளந்தான். நவம்பர் ஒன்றாம் தேதி, புனிதர் திருநாளோடு சூடான சமையலை நிறுத்துகிறானாம். அடுப்பு இருக்கும் இடத்தில் பாட்டில்களுக்கு ஒரு குளிர் அலமாரி வரும். இனிமேல் பாலாடைக்கட்டி, ரொட்டி, டின் மத்தி மீன். ஊரில் நல்ல இடங்கள் எல்லாம் அப்படித்தான் மாறிக்கொண்டிருக்கின்றனவாம், சாப்பாடு குறுக்கே வராமல் ஒயினை ருசிக்க ஜனங்களுக்கு ஆசையாம்.

குறுக்கே வராமல் என்றான் மேடம். நான் பதினோரு வருடம் செய்தது அதுதான் போலிருக்கிறது.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"நீ எங்க போகப் போற? இருந்துக்கோ. டின் திறக்கவும் ஆள் வேணும்ல" என்று என் தோளைத் தட்டினான். வேடிக்கையாகத்தான் சொன்னான். அவனிடம் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஐம்பத்து மூன்று வயதான ஒரு சமையல்காரியிடம் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்கிற பழக்கம்தான் அவனுக்கு இல்லை. ஒயினுக்கு என்ன ஆகும் என்று மட்டும் யோசிப்பான்.

திங்கட்கிழமை பார் விடுமுறை. அன்று குளிர் இறங்கியது. குளிர்ந்தால் நொதிப்பது நின்றுவிடும் என்று பயந்து, தெருவோரம் இருக்கும் நிலவறைச் சன்னலில் அவன் இரண்டு கம்பளிகளைத் திணித்திருக்கிறான். உங்கள் ஆட்கள் கண்டெடுத்த கம்பளிகள். அதை நான் செய்யவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. தொட்டியைக் கதகதப்பாக வைக்கக் காற்றை அடைக்கிற வேலையை ஒயின்காரனைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு வந்தேன். மெழுகுவர்த்தியைக் கொளுத்தி இறங்கினேன். மூன்றாவது படியில் அணைந்தது. திரி ஈரமோ என்று மேலே வந்து மறுபடி கொளுத்திக்கொண்டு போனேன். மறுபடியும் மூன்றாவது படி. இத்தனை உயரத்தில் அணைந்து நான் பார்த்ததே இல்லை. இன்னும் பத்துப் படி பாக்கி இருந்தது, பத்திலும் வாயு நிரம்பிவிட்டது என்று அர்த்தம். மேலே வந்தேன். கதவை ஒழுங்காகச் சாத்தினேன். மின்விசிறியைப் போடவில்லை. சாக்கட்டியை எடுத்து எட்டு பத்து என்று நேரம் எழுதி, பக்கத்தில் 'எரிந்தது' என்று எழுதினேன். எழுத்து எப்போதும் போலத்தான் இருந்தது.

இதை எதற்காகச் செய்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிகிறது. அவன் ஒவ்வொன்றாக எடுத்தபோது நான் ஒவ்வொரு தடவையும் சரி என்றேன். இந்தத் தடவையும் சரி என்றுதான் எழுதினேன். நான் சொல்வதை அவன் அப்படியே நம்பி நடந்துகொள்கிற ஒரே இடம் அந்தக் கதவு. வேறு எந்த இடத்திலும் என் வார்த்தைக்கு எடை இல்லாமல் போனதற்கு நானா பொறுப்பு.

பத்து மணிக்கு வந்தான். ரொட்டிக் கடையிலிருந்து எனக்காக ஒரு பாதாம் ரொட்டி வாங்கி வந்திருந்தான். அடுப்பு விஷயம் அவனை உறுத்தியிருக்க வேண்டும்.

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. கதவுல எழுதிருக்கேன் பாரு."

பார்த்தான். ருசி பார்க்கும் கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு, அவனுக்கே உரிய ஒரு பாட்டை முனகியபடி இறங்கினான். பாட்டு ஏழெட்டுப் படிவரை கேட்டது. நான் சின்ன வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கி முடித்தேன். கடை வினிகரில் போட்டு வற்றவைத்தேன். பாதாம் ரொட்டியில் பாதியைத் தின்றேன், காலையில் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

பதினொன்றரைக்கு ஆன்செல்ம் ஐயா வந்தார். அவர் வீட்டு மரத்து வால்நட் ஒரு பை கொண்டு வந்திருந்தார். கயெத்தான் எங்கே என்றார், கீழே என்றேன். நிலவறைக் கதவைத் திறந்து கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. உடனே இறங்கிவிட்டார். எழுபத்து நாலு வயதில் அந்தத் தேய்ந்த முட்டியோடு அவ்வளவு விரைவாக இறங்குவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தடுக்க எனக்கு நேரமே இருக்கவில்லை. அவரும் மேலே வரவில்லை. ஆகவே அவரை என் பெயரில் எழுத வேண்டாம், அது வாயு செய்த வேலை. நான் செய்தது ஒன்று மட்டும்தான், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பன்னிரண்டு பத்துக்குத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். அதற்கு முன்னால் கதவில் எழுதியிருந்ததை ஏப்ரனால் துடைத்தேன். அந்த ஏப்ரன் துவைக்காமல் வீட்டில் இருக்கிறது, சாக்கட்டித் தூள் அதில் இன்னும் இருக்கும்.

உங்கள் ஆட்கள் நல்லபடியாக நடந்துகொண்டார்கள். கம்பளியைப் பார்த்தார்கள், கதவில் குறிப்பு இல்லாததைப் பார்த்தார்கள். காற்றை அவனே அடைத்து, மெழுகுவர்த்தி பார்க்காமல் அவசரப்பட்டு இறங்கினான் என்று முடிவு செய்தார்கள். என்னைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது, படித்துக் காட்டினார்கள். சமையலறையில் இருந்த பெண் ஊழியர் எதையும் கவனிக்கவில்லை. அவ்வளவுதான். நான் கையெழுத்துப் போட்டேன்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். ஊர் விடவில்லை. சவ அடக்கத்துக்கு நாலு ஊர் ஒயின்காரர்கள் வந்தார்கள். பார் வாசலில் கிளாசை உயர்த்தி, "ஒயினுக்காகவே வாழ்ந்தான், ஒயின்கிட்டயே போய்ட்டான்" என்று ஒருவன் சொன்னான். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பத்திரிகையிலும் கிட்டத்தட்ட அதையே எழுதினார்கள். அந்த மூன்று தொட்டி ஒயினை நண்பர்கள் சேர்ந்து பாட்டிலில் அடைத்து, அவன் முகத்தை வரைந்து லேபிள் ஒட்டப் போகிறார்களாம். என்னிடம் வந்து ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை, உங்களுக்கு இந்த ஒயின் சமாச்சாரம் ஒண்ணும் தெரியாது, நீங்க பாட்டுக்கு உள்ளயே இருந்துட்டீங்க" என்றாள்.

மூன்று வாரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் உயிரோடு இருந்தபோதுதான் எல்லாப் பெருமையும் ஒயினுக்குப் போயிற்று, அவன் செத்த பிறகும் அப்படியே போனால் எப்படி. கயெத்தானைக் கொன்றது ஒயின் இல்லை. ஒயின் தன் பாட்டுக்கு நொதித்துக்கொண்டிருந்தது, கதவைத் திறந்து இரண்டு மணி நேரம் விட்டிருந்தால் அது யாரையும் எதுவும் செய்திருக்காது. செய்தவள் நான். குற்ற உணர்ச்சியால் வந்தேன் என்று நீங்கள் எழுதினால் அது உண்மையாக இருக்காது. தப்பாக எழுதப்பட்ட ஒன்றைத் திருத்த வந்தேன்.

இந்தத் தாளிலும் ஒரு திருத்தம் இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் 'பார் ஊழியர்' என்று அடித்திருக்கிறீர்கள். 'சமையல்காரி' என்று மாற்றுங்கள். நன்றி.

வேறு ஏதோ கேட்கிறீர்கள். சுரங்கத்துக்குள் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்த மனிதர், காற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமலா இறங்கினார் என்று.

கேட்டார் மேடம். கதவில் இருந்த என் எழுத்தைப் பார்த்தார். அதன் பிறகும் சமையலறைப் பக்கம் திரும்பி வந்து தலையை நீட்டி, "ஏம்மா, மெழுகுவத்தியை நீயே பாத்தியா?" என்று கேட்டார். வற்றிய வினிகரில் வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக்கொண்டிருந்தேன், பாதிதான் சேர்ந்திருந்தது. அந்த நேரத்தில் கையை எடுத்தால் சாஸ் திரிந்துபோகும், சமைக்கத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அதனால்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

"நானேதான் பாத்தேன் ஐயா. எரிஞ்சுது, போங்க" என்றேன்.